ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு: விசுவாசத்தை வாழ்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதும், வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதும் யாராவது ஓரமாக அழைத்துக் கேட்கிற கேள்விகள் இவை. எல்லார் முன்பும் கேட்கக் கூச்சப்படுவார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளின் வழக்கத்தை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கத்தோலிக்கருக்கும் பெந்தெகொஸ்தே சபையாருக்கும் சில வார்த்தைகள் மாறும், காரியம் ஒன்றுதான்.

தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன், வேதம் வாசிக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை நானும் மற்றவர்களைப் போலத்தான் இருக்கிறேன். எங்கே தொடங்குவது?

உங்களை எதிர்த்துப் பேச முடியாதவரிடம் தொடங்குங்கள். வீட்டில் அது மருமகளாக இருக்கலாம், வயதான மாமியாராக இருக்கலாம். அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியராக இருக்கலாம். சபையில் நாம் சாந்தமாக இருப்பது பெரிய காரியமில்லை, அங்கே எல்லாரும் பார்க்கிறார்கள். யாரிடம் கத்தினால் நமக்கு ஒரு நஷ்டமும் வராதோ, அவரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் நம் விசுவாசம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று தெரியும்.

லூக்கா 3ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் யோவான் ஸ்நானனிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்: நாங்கள் என்ன செய்யவேண்டும்? அவர் கூடுதலாக ஒரு உபவாச நாளைச் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி வசூலிக்கிறவர்களிடம், குறித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகரிடம், யாரையும் மிரட்டாதீர்கள், சம்பளமே போதும் என்றிருங்கள் என்றார். அவரவர் தொழிலுக்குள்ளேயே பதில் இருந்தது.

உங்களுக்கும் அப்படித்தான். ஆசிரியர் என்றால் கடைசி பெஞ்சுப் பிள்ளை. மளிகைக் கடை என்றால் தராசு. நர்ஸ் என்றால் இரவு மூன்று மணிக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் நோயாளி. ஆட்டோ ஓட்டுகிறவர் என்றால் ஊர் தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கிறவர். உங்கள் வேலையில் அந்த இடம் எது என்று உங்களுக்கே தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடும்ப ஜெபம் சடங்காகிவிட்டது. பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். விட்டுவிடலாமா?

விடவேண்டாம், சுருக்குங்கள். ஒரு பாட்டு, பத்து வசனம், ஒரு ஜெபம். பத்து நிமிடம் போதும். அப்பா மட்டுமே வாசித்து அப்பா மட்டுமே ஜெபித்தால் மற்றவர்களுக்கு அது இன்னொரு வகுப்பு. சின்னவன் திக்கித் திக்கி வாசிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

அதைவிட முக்கியமானது, பாய் விரிப்பதற்கு முந்தைய அரைமணி நேரம். ரேங்க் கார்டைப் பார்த்துப் பிள்ளையைத் திட்டித் தீர்த்துவிட்டு, அதே மூச்சில் ஸ்தோத்திரம் சொன்னால் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே குரலில்தான் கேட்கும். காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இயேசு சொன்னது நம் வீட்டுக் கூடத்துக்கும் பொருந்தும். "சாயங்காலம் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அப்பா பைபிளைத் திறக்கிற வீட்டில் பிள்ளைகள் தூங்கி நான் பார்த்ததில்லை.

அரசு அலுவலகத்தில் வேலை. மேல்வரும்படியை எல்லாரும் பங்கு பிரிக்கிறார்கள். நான் மட்டும் எப்படி விலகி நிற்பது?

அதிகம் பேர் கேட்பதும் அதிகக் கண்ணீரோடு கேட்பதும் இந்தக் கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இது முடியாத காரியம் இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) என்ற பெயரைத் தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர், தொழிலால் மாவட்ட முன்சீப். வெள்ளைக்காரர் காலத்து நீதிமன்றத்தில் அந்த நாற்காலியில் இருந்துகொண்டுதான், தம் நீதிநூலில் கைக்கூலி, அதாவது லஞ்சம், வாங்குகிறவர்களைச் சாடி எழுதினார். நீதிமன்றத் தீர்ப்புகள் சாதாரண ஜனங்களுக்கும் புரியவேண்டும் என்று அவற்றைத் தமிழாக்கினார். 1876–78 பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்கு உதவினார். அதைக் கண்டு நெகிழ்ந்து பாட்டுப் பாடியவர் நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதி, ஒரு சைவர். ஒரு கிறிஸ்தவ அதிகாரியின் நடத்தைக்கு இதைவிட நல்ல நற்சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இனி நடைமுறை. சேர்ந்த முதல் வாரத்திலேயே, அல்லது புது இடத்துக்கு மாற்றலாகிப் போன முதல் நாளிலேயே, "எனக்கு வேண்டாம் சார்" என்று அமைதியாகச் சொல்லிவிடுங்கள். பிரசங்கம் பண்ணாதீர்கள், வசனம் சொல்லாதீர்கள். ஒரு தடவை வாங்கிவிட்டு அப்புறம் நிறுத்துவதுதான் மிகவும் கஷ்டம்.

அதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சம்பளத்துக்குள் அடங்காத கார் லோனும் வீட்டு லோனும் இருக்கும்போது வைராக்கியம் ஆறு மாதம்கூட நிற்காது. மனைவிக்கோ கணவருக்கோ இந்தத் தீர்மானத்தில் பங்கு இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு வரும்.

விலை உண்டு என்பதையும் மறைக்கமாட்டேன். தூரத்து ஊருக்கு மாற்றல் வரலாம், பதவி உயர்வு தள்ளிப்போகலாம், பேச்சுவார்த்தை நின்றுபோகலாம். சபை இந்த மாதிரி ஆட்களைத் தேடிப்போய்த் தாங்கவேண்டும். நன்கொடை தந்தவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். வாங்காமல் நின்றதற்காகத் தண்டிக்கப்பட்டவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. லஞ்சம் வாங்காத சிலர் கோப்பை மூன்று மாதம் மேசையில் போட்டு வைக்கிறார்கள். கை சுத்தமாக இருக்கலாம், ஆனால் வாசலில் நிற்கிற கிழவிக்கு அதனால் என்ன பிரயோஜனம்? வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுப்பதும் சேர்ந்ததுதான் நேர்மை.

வாங்குவதில்லை, சரி. கொடுப்பதோ?

அடுத்தவன் உரிமையைத் தாண்டிக் குதிக்கக் கொடுப்பதும், உங்கள் உரிமையையே பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டும்போது வேறு வழியில்லாமல் கொடுப்பதும் ஒன்றல்ல. முதலாவது பாவம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவதில் சிக்கிய ஏழையை, இறப்புச் சான்றிதழுக்காக அலைகிற விதவையை, நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். ஆனால் படித்த, வசதியுள்ள நாம் அவருடைய நிலையைக் காரணம் காட்டித் தப்பிக்கக் கூடாது. நமக்கு வழி இருக்கிறது: கடைசி நாளுக்குக் காத்திராமல் முன்கூட்டியே விண்ணப்பிப்பது, எல்லாவற்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குவது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது, முற்றிப்போனால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவது. அப்படியே அந்த விதவைக்கும் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.

தசமபாகம் கொடுத்தால் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்பப் பணம் இல்லை. எது முதலில்?

பெற்றோர். மாற்கு 7இல் இயேசு இதை நேராகவே சொல்லியிருக்கிறார். தகப்பனுக்கும் தாய்க்கும் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களைக் கடிந்துகொண்டார். அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குப் பணம் அனுப்பாமல் உறையில் போடும் காணிக்கையை அவர் விரும்புகிறார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதற்காகக் கொடுக்கிற பழக்கத்தையே விட்டுவிடாதீர்கள். நம் பாட்டிமார் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடியரிசிக் காணிக்கையில்தான் திருநெல்வேலிப் பக்கத்தில் எத்தனையோ ஊழியங்கள் நடந்தன. இருப்பதிலிருந்து, மறக்காமல், ஒவ்வொரு வேளையும் என்பதுதான் அதில் இருந்த ஒழுங்கு. சம்பளம் ஏறும்போது தானாகவே அளவு கூடும்.

வீட்டு வேலைக்கு ஒரு அக்கா வருகிறார். அவரை நன்றாகத்தான் நடத்துகிறோம். கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறோம். இன்னும் என்ன?

சேலை நல்லது. ஆனால் சில விஷயங்களைக் கவனித்துப் பாருங்கள். அவருக்குக் காபி எந்தத் தம்ளரில் போகிறது? அது மற்ற தம்ளர்களோடு கழுவப்பட்டு ஒரே தட்டில் கவிழ்க்கப்படுகிறதா, ஜன்னல் ஓரமாகத் தனியே நிற்கிறதா? காலையிலிருந்து மூன்று வீட்டில் வேலை செய்கிறவர் உங்கள் வீட்டுக் கழிப்பறையை உபயோகிக்க முடியுமா? நீங்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பத்து நாளுக்குச் சம்பளம் உண்டா, பிடித்துக்கொள்கிறீர்களா?

கூலிக்காரன் ஏழையாய் இருக்கிறான், அன்றன்றைய கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்று உபாகமம் 24 சொல்கிறது. ஏடிஎம்முக்குப் போக மறந்துவிட்டேன் என்று ஏழாம் தேதிவரை இழுப்பது உங்களுக்குச் சின்ன விஷயம். அவருக்கு அது வட்டிக்காரர் வாசலில் நிற்கிற விஷயம். பிடிக்கப்பட்ட கூலி கூப்பிடுகிறது என்று யாக்கோபு 5 எழுதும்போது, அந்தச் சத்தம் எட்டுகிற இடமாகச் சொல்வது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளை. எனக்கு வேதத்தில் மிகவும் பயமூட்டும் வசனங்களில் அது ஒன்று.

பக்கத்து வீட்டில் பொங்கலும் கொழுக்கட்டையும் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

கொரிந்து சபையில் பவுலைக் கேட்ட கேள்வி இது, புதிதல்ல. அவருடைய பதிலில் இரண்டு பக்கமும் இருக்கிறது. உன்னை அழைத்து முன்னே வைத்ததை மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்றார். அதே இடத்தில், இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவர்நிமித்தம் சாப்பிடாதே என்றும் சொன்னார். ஆகவே சபைகள் இதில் வேறுபடுகின்றன. உங்கள் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லையென்றால் நான் வற்புறுத்தமாட்டேன்.

என் எண்ணம் இது: வாசலில் தூக்குவாளியோடு நிற்கிற அம்மா கொண்டுவருவது முதலில் அன்பு. அதை இரண்டு கையாலும் வாங்குங்கள். படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்றால், ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து, "அக்கா, எங்க வழக்கம் இப்படி, தப்பா நினைச்சுக்காதீங்க, படைக்காம எடுத்து வச்சா சந்தோஷமா சாப்பிடுவோம்" என்று சொல்லுங்கள். அடுத்த தடவை அவரே தனியே எடுத்து வைப்பார். வாங்கி வைத்துவிட்டு, அவர் முதுகைத் திருப்பியதும் குப்பையில் கொட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கல்யாணம் பேசுகிறோம். நாங்கள் வரதட்சணை கேட்கவில்லை, அவர்களாகச் செய்தால் வேண்டாம் என்று சொல்லணுமா?

ஆம், வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லவேண்டும். "நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்ற வாக்கியத்தின் பொருள் பெண்ணைப் பெற்றவருக்கு நன்றாகவே தெரியும். அன்றிரவே அவர் பவுன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். 1961ஆம் ஆண்டின் சட்டப்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். சட்டம் கிடக்கட்டும், கிறிஸ்து சபையில் அன்புகூர்ந்ததுபோல் அன்புகூருவேன் என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுக்கப்போகிறவன் அதற்கு முன்பு விலை பேசலாமா?

மாப்பிள்ளையே பேசவேண்டும். பெற்றோர் முடிவு என்று பின்னால் ஒதுங்குவது வேலைக்கு ஆகாது. "நகை, ரொக்கம், கார் எதுவும் வேண்டாம். கல்யாணச் செலவு பாதிப் பாதி" என்று பெண்வீட்டுப் பெரியவர்கள் முன் ஒரு தடவை தெளிவாகச் சொன்னால் முடிந்தது. மூன்று ஞாயிறு திருமண அறிக்கை வாசிக்கிற குருவானவர்களும் அதற்கு முன்பு இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு இதைக் கேட்கலாம். கேட்கிற தைரியம் சில ஐயர்மாருக்கு (குருவானவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்) இருக்கிறது, கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக.

அதே சம்பந்தத்தில் சாதி பார்ப்பது?

இதில் நான் மென்மையாகப் பேசமாட்டேன். மணமகன் தேவை விளம்பரத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று எழுதி, "மறுபடியும் பிறந்தவர்" என்றும் எழுதி, பக்கத்திலேயே சாதிப் பெயரையும் எழுதுகிறோம். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற கலாத்தியர் 3:28ஐ மனப்பாடமாகச் சொல்லும் அதே வாயால், "பழக்கவழக்கம் ஒத்து வராது" என்கிறோம்.

இது நேற்று வந்த வியாதியில்லை. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம் 19ஆம் நூற்றாண்டில் இரண்டு சாதியாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்காரும்படி இரண்டு கூடங்களோடு கட்டப்பட்டது. நடுத்தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்கு மதராஸ் உயர்நீதிமன்றம்வரை போனது. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளிலும் கதை வேறில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டார்களே தவிர சாதியை விடவில்லை.

ஆனால் நம் மண்ணிலேயே வேறொரு சாட்சியும் இருக்கிறது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்த தேவசகாயம் பிள்ளை எல்லாரும் சமம் என்று பிரசங்கித்தார், அது உயர்சாதியாரின் கோபத்தைக் கிளப்பியது. 1749இல் கைதாகி, 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டார். 2022இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுச் சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுவது எப்படிப் பொருந்தும்?

இன்று என்ன செய்யலாம்? வரன் பார்க்கும் தாளில் அந்த ஒரு வரியை எழுதாதீர்கள். தரகர் கேட்டால், "எங்களுக்கு அது தேவையில்லை" என்று சொல்லுங்கள். பிள்ளை வேறு சாதியில் ஒருவரை விரும்பி வந்து நிற்கும்போது, அவர் எப்படிப்பட்டவர், கர்த்தருக்குப் பயப்படுகிறவரா, உழைக்கிறவரா என்று மட்டும் விசாரியுங்கள். நீங்கள் பிள்ளைக்கு இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அந்த ஒரு நாளில் அவன் சரிபார்த்துக்கொள்வான்.

வியாதி வந்தால் மருந்து எடுப்பது விசுவாசக் குறைவா?

இல்லை. எசேக்கியா ராஜா ஜெபித்தான், கர்த்தர் கேட்டு ஆயுசைக் கூட்டினார். பிறகு ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப் போடச் சொன்னார் (ஏசாயா 38). லூக்கா வைத்தியர். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கியது ஜெபத்திலிருந்து பிறந்த மருத்துவமனைதான். இன்சுலினை நிறுத்தச் சொல்கிற எந்த ஊழியக்காரரையும் நம்பாதீர்கள். மனச்சோர்வுக்கும் இது பொருந்தும், ஜெபியுங்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள்.

வருடக்கணக்காக ஜெபித்தும் ஒன்றும் நடக்கவில்லை. சபையில் "நன்றாக இருக்கிறேன், ஸ்தோத்திரம்" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

சொல்லாதீர்கள். சங்கீதப் புத்தகத்தில் முறையிடும் பாட்டுகள் ஏராளம். எதுவரைக்கும் கர்த்தாவே என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், உங்கள் புலம்பலுக்கும் தேவசமுகத்தில் இடம் உண்டு.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஒரு வசனத்தோடு எடுத்த வாக்குத்தத்த அட்டை பீரோவில் ஒட்டியபடி இருக்கும், வருடம் வேறு மாதிரிப் போயிருக்கும். பிள்ளையில்லாத தம்பதியரிடம், வேலை கிடைக்காத தம்பியிடம், "விசுவாசம் போதவில்லை" என்று சொல்கிறவர்கள் துன்பத்தில் இருந்த யோபையே குற்றம் சொன்ன அவன் நண்பர்கள் செய்ததையே செய்கிறார்கள். அந்த நண்பர்கள்மேல் தேவன் கோபப்பட்டார். உங்களோடு சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஒருவரைச் சபையில் கண்டுபிடியுங்கள். ஜெபம் வராத நாட்களில் அவர் உங்களுக்காக ஜெபிக்கட்டும்.

அலுவலகத்தில் சாட்சியாக இருப்பது எப்படி? கைப்பிரதி கொடுக்கவேண்டுமா?

கேட்கிறவருக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதினார் (1 பேதுரு 3:15). கேட்க வைப்பது உங்கள் நடத்தை. டெட்லைன் தவறியபோது பழியை ஜூனியர் மேல் போடாமல் நீங்கள் ஏற்றுக்கொண்டால் ஒருநாள் நிச்சயம் கேட்பார்கள். அப்போது ஒளிக்காமல் சொல்லுங்கள். மற்றவர்களின் கடவுளை இழிவாகப் பேசாதீர்கள், உங்கள் வீட்டுப் பூட்டிய அறையிலும் பேசாதீர்கள்.

வாட்ஸ்அப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இன்று இத்தனை மிஷனரிகளைக் கொல்லப்போகிறார்கள், உடனே ஜெபியுங்கள்" என்று வருடா வருடம் சுற்றும் செய்தியை விசாரிக்காமல் அனுப்புவது பொய்ச்செய்தி பரப்புவதுதான். யாத்திராகமம் 23இன் முதல் வசனமே அதைத் தடுக்கிறது. நல்ல நோக்கம் அதைச் சரியாக்காது.

கணவர் அடிக்கிறார். மன்னித்து, ஜெபித்து, பொறுத்துப் போ என்கிறார்கள்.

சகோதரி, முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மன்னிப்பது வேறு, அடிவாங்குவதற்காக அதே வீட்டில் நிற்பது வேறு. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பி ஓடினார். பிற்பாடு கையில் கிடைத்தபோது சவுலைக் கொல்லாமலும் விட்டார். ஆனாலும் அந்த அரண்மனைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சபை மூப்பர்கள் சமரசம் பேச வந்தால், முதலில் உங்கள் கணவரைத் தனியே கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். அவர் மனந்திரும்பியது நடத்தையில், நாள்பட, தெரிந்த பிறகுதான் அடுத்த பேச்சு.

பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் ஆலயத்துக்கு வர மறுக்கிறார்கள்.

வற்புறுத்தி உட்கார வைக்கலாம், அதனால் பயன் இல்லை. ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள், கேட்டுவிட்டு இடையில் பேசாமல் இருங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது தேவனைப் பற்றியதாக இருக்காது. சபைத் தேர்தலில் நடந்த அடிதடி, பாட்டுக்குழுவில் யாரையோ அவமானப்படுத்தியது, அல்லது வீட்டில் பார்த்த ஏதாவது ஒன்று. சொன்னதில் நியாயம் இருந்தால், "நீ சொல்றது சரிதான்" என்று ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வழக்கம்போலக் கிளம்புங்கள். வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் திரும்பி வந்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுங்கள்.